நெரிசலுக்குள் தனிமை: வன்னி நாவலை மூளை வாசிக்கும் விதம்

2009 பெப்ரவரி 12ஆம் திகதி, இலங்கை யுத்தம் முடியும் தறுவாயில், வன்னியில் புதுமாத்தளனுக்கும் வெள்ளாமுள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட கரையோரத் துண்டொன்று 'பாதுகாப்பு வலயம்' என அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். பரப்பளவு ஏறத்தாழ 14 சதுர கிலோமீற்றர். உள்ளே அகப்பட்டவர்களை இரண்டரை இலட்சம் என்று குறைத்து வைத்துக் கணக்குப் போட்டாலும், ஆளுக்கு 56 சதுர மீற்றர்தான் வருகிறது. பக்கத்துக்கு ஏழரை மீற்றர் கொண்ட ஒரு சதுரம். தறப்பாள், பங்கர், அடுப்பு, கஞ்சிக்கு நிற்கும் வரிசை, காயக்காரர், இறந்தவர் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். அடுத்த குடும்பத்தின் இருமல் இரவில் உங்கள் காதுக்குள் கேட்கும்.

தனிமையைப் பற்றி ஒரு நாவல் எழுத இதைவிடப் பொருந்தாத இடம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அனுக் அருட்பிரகாசம் அதைத்தான் எழுதினார். கொழும்பில் வளர்ந்து, நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 2016இல் வெளியிட்ட முதல் ஆங்கில நாவல் 'த ஸ்டோரி ஒஃப் எ பிரீஃப் மரேஜ்'. ஒரு குறுகிய திருமணத்தின் கதை என்று பொருள். தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு 2017இல் அதற்குக் கிடைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, இத்தாலியன் எனப் பல மொழிகளுக்கும் போயிருக்கிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், வன்னிக் கரையோர முகாமொன்றில், தினேஷ் என்ற இளைஞனுக்கும் கங்கா என்ற பெண்ணுக்கும் அவசரமாக ஒரு கல்யாணம் நடக்கிறது. கதை நடக்கும் காலம் ஒரு பகலும் ஓர் இரவும். அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளில் நாவல் நின்று பார்ப்பது செல் விழுவதை மட்டும் இல்லை. ஒருவன் மூச்சு விடுவதை, சோறு பிசைவதை, நகம் வெட்டுவதை, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதை, தூக்கம் வராமல் கிடப்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறது. முள்ளிவாய்க்காலைக் கண்டிராத ஒருவர் பெர்லினில், ஜெர்மன் மொழியில், இரவு விளக்கடியில் இதை வாசிக்கிறார். அவருடைய மூச்சும் ஒரு கணம் தடைப்படுகிறது. கடதாசியில் இருப்பதோ மை. அந்த மை எந்த வழியாக ஒரு மனித உடலாக மாறுகிறது?

கண்ணிலிருந்து தொடங்கலாம். வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் செக்கன் நிற்கிறது, பிறகு ஒரு தாவல், மறுபடி நிற்கிறது. ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லிசெக்கன் ஆகும் (ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லிசெக்கன்). நிற்கும் இடத்திலும் முழு வரி தெளிவாகத் தெரிவதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள 'மையக்குழி' என்ற நுண்ணிய பள்ளத்துக்கே கூர்மையான பார்வை உண்டு. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவை மறைக்குமோ, அவ்வளவுதான் அதன் எல்லை.

இன்னொரு விந்தை. தாவும் நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் உலகமே குலுங்குவதாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் கண் ஏறத்தாழ 14,000 தடவை தாவுகிறது. அந்த நேரங்களைக் கூட்டினால் ஏழு நிமிடம். ஒரு மணி நேரம் வாசிப்பவர் அதில் ஏழு நிமிடம் அநேகமாகப் பார்வையற்று இருக்கிறார், அது அவருக்கே தெரியாமல். துண்டு துண்டாக வரும் அந்தச் சின்ன வட்டங்களை ஒட்டித்தான் மூளை ஒரு கடற்கரையை விரிக்கிறது.

வட்டத்துக்குள் விழுந்த கோடுகள் எழுத்தாகும் இடம் இடப்பக்க மூளையின் பின்புற அடிப்பகுதியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஸ்டனிஸ்லாஸ் டுஹேனும் லோரன் கொஹெனும் விரிவாக ஆராய்ந்த அந்தத் துண்டைச் 'சொல்வடிவப் பகுதி' எனலாம். எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் ஓர் உறுப்பைப் பரிணாமம் வளர்த்தெடுக்க இந்தக் காலம் போதாது. ஆகவே மூளை, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண ஏற்கெனவே இருந்த இடத்தில் ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கிக்கொடுத்தது. டுஹேன் இதை 'நரம்பு மறுபயன்பாடு' என்கிறார். வாசிக்கப் பழகியவர்களின் மூளையில் முகங்களை அறியும் வேலை ஓரளவு வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. தமிழோ சீனமோ ஆங்கிலமோ, எந்த எழுத்தை வாசிப்பவருக்கும் இந்த இடம் அநேகமாக ஒன்றுதான். முகங்களுக்கு இருந்த இடத்தில் எழுத்து குடியேறி, அந்த எழுத்தின் வழியாக நாம் ஒருபோதும் காணாத முகங்களைக் காண்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத செய்தி.

அடுத்தது குரல். மௌனமாக வாசிக்கிறோம் என்று சொன்னாலும் உள்ளே ஒரு குரல் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. கிளாஸ்கோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். கதையில் ஒருவர் பேசுவது மேற்கோள் குறிக்குள் நேர்க்கூற்றாக வந்தால், மனிதக் குரலுக்கென்றே இருக்கும் செவிப்புலப் பகுதி கூடுதலாக இயங்குகிறது. அதே பேச்சு 'அவள் வருவதாகச் சொன்னாள்' என்று அயற்கூற்றாக வந்தால் அவ்வளவு இயங்குவதில்லை. அனுக்கின் இரண்டாவது நாவல் 'எ பாசேஜ் நோர்த்'. 2021இல் புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலுக்குப் போனது. கொழும்பிலிருந்து ரயிலேறிக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மரணவீட்டுக்குப் போகும் கிருஷன் என்ற இளைஞனின் கதை. அதில் நேர்க்கூற்று உரையாடலே கிடையாது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவன் நினைவில் கரைந்துதான் நம்மிடம் வருகிறது. இந்த நாவலை எவரும் மூளைப்படக் கருவிக்குள் வைத்து அளந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் கிளாஸ்கோ முடிவைத் தெரிந்துகொண்டு வாசித்தால், அந்தப் பக்கங்களில் ஏன் இவ்வளவு நிசப்தம் என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பிறர் குரல்களுக்கான கதவு பாதி சாத்தப்பட்டிருக்கிறது.

பிறகு அசைவு. கேம்பிரிட்ஜில் 2004இல் நடந்த ஆய்வொன்று மூளையின் இயக்கப்பட்டையை (கை, கால், வாய் முதலியவற்றை அசைக்கும் பகுதியை) படம் பிடித்தது. உதைத்தல் என்ற பொருளில் ஒரு சொல்லை வாசித்தால் காலை அசைக்கும் இடத்தின் அருகிலும், எடுத்தல் என்றால் விரலை அசைக்கும் இடத்தின் அருகிலும், நக்குதல் என்றால் நாக்கை அசைக்கும் இடத்தின் அருகிலும் செயற்பாடு கூடியது. ஒரு கதாபாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தை வாசிக்கும்போது, வாசகரின் மூளையிலும் கையால் பற்றுவதற்குரிய பகுதி சுறுசுறுப்பாவதை அமெரிக்காவில் 2009இல் வேறொரு குழு காட்டியது. தினேஷ் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளும்போது வாசகரின் விரல் அசையாமல் இருக்கலாம். அசைவின் வரைபடம் உள்ளே விரிந்துவிடுகிறது.

கற்பனை இடங்களைக் கட்டும் விதம் இன்னும் அழகானது. ஸ்டீபன் கொஸ்லின் என்ற உளவியலாளர் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார். ஒரு குடிசை, ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு குளம் என்று ஏழு இடங்கள். பிறகு வரைபடத்தை எடுத்துவிட்டு, மனக்கண்ணால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் சொன்னார். படத்தில் தூரம் கூடக் கூட, மனதுக்குள் போய்ச்சேர எடுத்த நேரமும் அதற்கேற்பக் கூடியது. மனதில் கட்டிய தீவுக்கும் தூரம் உண்டு.

பெரியபுராணம் அறிந்தவர்களுக்கு இங்கே பூசலார் நினைவுக்கு வருவார். கையில் பொருளில்லாத அவர் திருநின்றவூரில் மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் குறித்து, படிப்படியாக ஒரு கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் வைத்தபோது, அந்த நாள் பூசலாருடைய நாள் என்று இறைவன் கனவில் சொல்லி, மன்னன் தன் நாளைத் தள்ளிவைக்கச் செய்தார். 'எ பாசேஜ் நோர்த்' நாவலில் அனுக் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். யுத்தத்துக்குப் பிந்திய வடக்கைப் பற்றிய நாவலுக்குள் பூசலார் ஏன் வருகிறார் என்பதை நான் வலிந்து விளக்க மாட்டேன். மனதில் கட்டுவதற்கும் நேரம் பிடிக்கும், ஒழுங்கு வேண்டும் என்பதைக் கொஸ்லினுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சேக்கிழார் கதையாக்கிவிட்டார் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சரி, மொழி மாறினால்? பெர்லின் வாசகரிடம் போய்ச்சேர்வது அனுக் எழுதிய ஆங்கில ஒலிகளல்ல. தினேஷும் கங்காவும் பேசியிருக்கக்கூடிய தமிழும் அல்ல. இந்த இரட்டைப் பயணத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும்? பிரின்ஸ்டனில் கிறிஸ்டோபர் ஹனி, யூரி ஹாஸன் குழுவினர் 2012இல் இதற்கு ஒரு நேர்த்தியான பதில் தந்தார்கள். ஒரே கதையை ஆங்கிலத்தில் ஆங்கில மொழிக்காரரும், ரஷ்ய மொழிபெயர்ப்பில் ரஷ்யரும் கேட்டார்கள். ஒலியைக் கையாளும் செவிப்புலப் பகுதிகளில் இரு சாராரின் மூளையும் வெவ்வேறு பாதையில் போனது. ஒலிகள் வேறு, எதிர்பார்த்ததுதான். ஆனால் உயர்நிலைப் பகுதிகளில், கதை நகர நகர, இரு சாராரின் மூளைச் செயற்பாடும் ஒன்றுபோல ஏறி இறங்கியது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யப் பதிப்பைப் போட்டபோது அந்த ஒற்றுமை இல்லாமல் போனது. பொருள் விளங்கினால் மட்டும் ஒன்றுபட்டது.

2017இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. ஆங்கிலம், மண்டரின், பாரசீகம் ஆகிய மூன்று மொழியினர் தத்தம் மொழியில் ஒரே கதைகளை வாசித்தார்கள். ஒரு மொழிக்காரர்களின் மூளைப்படங்களைக் கொண்டு பழக்கிய கணினி, இன்னொரு மொழிக்காரர் எந்தக் கதையை வாசிக்கிறார் என்பதை, தற்செயலாக ஊகிப்பதைவிட நன்றாகக் கண்டுபிடித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் காலங்காலமாக நம்பிச் செய்துவந்த வேலைக்கு மூளைக்குள்ளேயே ஒரு சான்று கிடைத்தது.

இரு ஆய்வுகளிலும் முக்கியமாக எழுந்துவந்த இடம் 'இயல்புநிலை வலையமைப்பு'. வெளிவேலை ஒன்றும் இல்லாமல் சும்மா இருக்கும்போது கூடுதலாக இயங்கும் மூளைப் பகுதிகளின் கூட்டம் இது. மார்கஸ் ரைக்கிள் 2001இல் இதை விவரித்தார். உடல் எடையில் மூளை 2 சதவீதம். ஆனால் நாம் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. சும்மா இருக்கும்போதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. அப்போது மூளை பழையதை நினைக்கிறது, வரப்போவதை ஒத்திகை பார்க்கிறது, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறதென்று யோசிக்கிறது. தனித்திருக்கும் ஒருவனின் மூளையில் ஓடுவதும், அவனைப் பற்றிய நாவலை வாசிப்பவரின் மூளையில் ஓடுவதும் பெரும்பாலும் ஒரே வலையமைப்பு என்றால், தனிமையைப் பற்றிய நாவல் வாசகருக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாகிறது என்பது விளங்கத் தொடங்குகிறது.

இந்த வலையமைப்புக்கு இன்னொரு திறமையும் உண்டு: நீண்ட ஞாபகம். ஹாஸனின் ஆய்வகம் ஒரு கதையைச் சொல் சொல்லாகவும், வாக்கியம் வாக்கியமாகவும், பந்தி பந்தியாகவும் கலைத்துப்போட்டுக் கேட்க வைத்தது. செவிப்புலப் பகுதிக்கு எப்படிக் கலைத்தாலும் கவலையில்லை. அது கணநேர ஒலியோடு நின்றுவிடுகிறது. அடுத்த படியிலுள்ள பகுதிகளுக்கு வாக்கியம் கலையாமல் இருக்க வேண்டும். இயல்புநிலை வலையமைப்போ பந்திகள் ஒழுங்காக வந்தால்தான் ஒருமித்து இயங்குகிறது. நிமிடக்கணக்கில் சேர்த்து வைக்கிறது அது. அனுக்கின் வாக்கியங்கள் நீளமானவை. ஒரு எண்ணத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று போகும். அவசரப்படுபவருக்கு அலுப்புத் தட்டலாம். ஆனால் அந்த நீளம்தான் மூளையின் மிக மெதுவான பகுதிக்கு வேலை வைக்கிறது.

ஒரு பகலையும் ஓர் இரவையும் இருநூறு பக்கமளவுக்கு விரிப்பது ஏன் நம்பும்படி இருக்கிறது? ஆபத்தில் நேரம் நின்றுவிட்டதுபோல இருந்தது என்று செல்லடிக்குத் தப்பியவர்கள் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2007இல் டேவிட் ஈகிள்மனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். 31 மீற்றர் உயரத்திலிருந்து, ஏறத்தாழ பத்து மாடி உயரத்திலிருந்து, ஆட்களைக் கீழே வலையில் விழவிட்டார்கள். தாம் விழுந்த நேரத்தை அவர்கள் மற்றவர் விழுந்ததைவிட 36 சதவீதம் நீளமாக மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது கையிலிருந்த கருவியில் வேகமாக மாறும் எண்களை அவர்களால் வழக்கத்தைவிட நன்றாகப் படிக்க முடியவில்லை. அப்படியானால் அந்தக் கணத்தில் நேரம் மெதுவாகவில்லை. நினைவு அடர்த்தியாகப் பதிந்ததால் பின்னால் நினைக்கும்போது நீளமாகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். நாவலின் விரிவு இந்த அடர்ந்த நினைவின் விரிவு. ஒவ்வொரு சிறு அசைவும் பதிவாகியிருக்கும் நாள், பக்கங்களிலும் நீளமாகத்தான் இருக்கும்.

இனி மூச்சு. நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20,000. இவற்றில் ஒன்றையாவது நாம் எண்ணுவதில்லை. மூளைத்தண்டுக்குள் ஒளிந்திருக்கும் சில ஆயிரம் நரம்புக்கலங்கள் தாளம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. 1991இல் ஜக் ஃபெல்ட்மனும் சகாக்களும் எலியில் அந்த இடத்தைக் கண்டறிந்தார்கள். அதன் பெயர் 'முன்பொட்சிங்கர் தொகுதி'. பொட்சிங்கர் என்பது ஒரு ஜெர்மன் திராட்சை மதுவின் பெயர். ஒரு கருத்தரங்கில் மேசையில் இருந்த போத்தலிலிருந்து வந்தது. உயிரின் தாளத்துக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்.

2017இல் ஸ்டான்போர்டில் மார்க் கிராஸ்னோவின் குழு இன்னொன்றைக் கண்டது. அந்தத் தொகுதிக்குள் எலியில் வெறும் 175 அளவிலான நரம்புக்கலங்கள், மூச்சின் வேகத்தை மூளையின் விழிப்புநிலை மையத்துக்கு ஒற்றறிந்து சொல்கின்றன. அவற்றை நீக்கியபோது எலிகள் அசாதாரணமாக அமைதியாகிவிட்டன. அச்சத்தில் மூச்சு வேகமாகும் என்பது நமக்குத் தெரியும். வேகமான மூச்சே அச்சத்தைத் தூண்டவும் செய்யும், மெதுவான மூச்சு அதைத் தணிக்கவும் செய்யும் என்பதற்கு அங்கே ஒரு கம்பி கிடைத்தது. நாவலில் தினேஷ் தன் மூச்சையும் பக்கத்தில் இருப்பவளின் மூச்சையும் கவனித்துக்கொண்டிருப்பதை வாசிக்கும்போது அந்த 175 கலங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லாம் பறிபோன இடத்தில், தன் வசத்தில் கொஞ்சமாவது இருக்கும் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொள்கிறான்.

தன் உடலுக்குள் நடப்பதை உணரும் இந்தத் திறனுக்கு 'உள்ளுணரல்' என்று பெயர் வைக்கலாம். லண்டனில் 2004இல் நடந்த ஆய்வில், காதில் விழும் ஒலி தம் இதயத்துடிப்போடு சேர்ந்து வருகிறதா என்று கேட்டார்கள். நன்றாகக் கண்டுபிடித்தவர்களுக்கு, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மடிந்து கிடக்கும் 'இன்சுலா' என்ற பகுதியின் வலப்பக்கம் கூடுதலாக இயங்கியது.

தூக்கமின்மையைப் பற்றி ஒரு வியப்பு. நாட்கணக்கில் தூங்காதவர் விழித்துத்தான் இருக்கிறார் என்று நினைக்கிறோம். விஸ்கொன்சினில் 2011இல் எலிகளில் கண்டது வேறு. நீண்ட நேரம் தூங்கவிடாமல் வைத்த எலி கண் திறந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே, மூளைப்பட்டையில் சில நரம்புக்கலக் குழுக்கள் அங்குமிங்குமாகச் சட்டென்று அணைந்து, தூக்கத்தில் போல ஓய்ந்து, மீண்டும் எரிந்தன. மூளை துண்டு துண்டாகத் தூங்குகிறது. பங்கருக்குள் வாரக்கணக்காக ஒழுங்காகக் கண்ணயராத மனிதர்களின் உலகம் ஏன் பாதிக் கனவாக இருந்தது என்று கேட்பவருக்கு இந்தச் சோதனை ஒரு பதிலின் தொடக்கம்.

தொடுகைக்கு வருவோம், கல்யாணக் கதையல்லவா. தோலில் தட்டினால் அந்தச் செய்தி செக்கனுக்கு 50 மீற்றர் அளவு வேகத்தில் மூளைக்குப் பாய்கிறது. அதே தோலில் இன்னொரு வகை நரம்பிழையும் இருக்கிறது. அதன் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரே. சாவகாசமாக நடப்பவரின் வேகம். சுவீடன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இந்த இழைகள், செக்கனுக்கு ஒன்று முதல் பத்து சென்ரிமீற்றர் வரையில் மெதுவாக வருடினால்தான் உற்சாகமாகச் செய்தி அனுப்புகின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகின்றன. அந்தச் செய்தி போய்ச்சேர்வதும் மேலே சொன்ன இன்சுலாவுக்குத்தான். எங்கே தொட்டது, எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்வது வேகமான நரம்பின் வேலை. அன்பாகத் தொட்டது என்பதை மெதுவான நரம்பு சொல்கிறது.

2006இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோன் வெளியிட்ட சோதனை இந்த நாவலுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. திருமணமான 16 பெண்களை ஒவ்வொருவராக மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, சிறிய மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரிக்கை காட்டினார். தனியே கிடந்தபோது அச்சத்துக்குரிய பகுதிகள் கொதித்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கின. கணவன் பிடித்தபோது நன்றாக அடங்கின. மணவாழ்க்கை நிறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அதிர்ச்சி குறையவில்லை, ஆபத்து விலகவில்லை. ஒரு கை மட்டும் வந்தது.

இங்கே முதலில் போட்ட கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஆளுக்கு 56 சதுர மீற்றரில் அடைந்து கிடந்தவர்களுக்கு எப்படித் தனிமை வரும்? சிக்காகோவில் ஜோன் கசியோப்போ தன் வாழ்நாள் ஆய்வில் திரும்பத் திரும்பக் காட்டியது இதுதான்: தனிமையுணர்வு பக்கத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்ததில்லை, வேண்டிய உறவுக்கும் வாய்த்த உறவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. 2020இல் எம்ஐரியில் லிவியா டொமோவாவும் ரெபேக்கா சாக்ஸும் 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் மனிதத் தொடர்பே இல்லாமல் அறையில் இருக்கவைத்தார்கள். இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பட்டினிக்குப் பின் உணவுப் படத்தைப் பார்த்தபோது நடுமூளையின் எந்தப் பகுதி ஏங்கித் துடித்ததோ, தனிமைக்குப் பின் மனிதர் கூடியிருக்கும் படத்தைப் பார்த்தபோதும் அதே பகுதி அப்படியே துடித்தது. தனிமை ஒரு பசி. கஞ்சி வரிசையில் நின்ற மக்களுக்கு இரண்டு பசியும் இருந்தது. ஒன்றைத்தான் உலகம் கணக்கெடுத்தது.

கணக்கு என்றதும் இன்னொன்று. 2009 தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டவர்கள் 3,30,000 வரையில் என்றும், இறந்த பொதுமக்கள் 40,000 வரையில் இருக்கலாம் என்பதை மறுக்க முடியாதென்றும் ஐநா செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. இந்த எண்களைப் படிப்பவரின் மனம் ஏன் அவற்றின் அளவுக்கு நொறுங்குவதில்லை? போல் ஸ்லோவிக்கும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் காட்டியபோது மக்கள் கொடுத்த நன்கொடை, இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டியபோது கொடுத்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், நன்கொடை குறைந்தது. பெரிய எண் வந்ததும் சின்ன முகம் மங்கிவிடுகிறது. இந்த நாவல் ஒரே ஒருவனைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது சுருக்கிப் பார்ப்பது போலத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மனித மனம் முழுதாகத் திறக்கும் ஒரே அளவு அதுதான்.

ஆனால் நாவல் வாசித்தவர் நல்லவராகிவிடுவார் என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. இலக்கியப் புனைகதையைச் சற்று நேரம் வாசித்தாலே பிறர் மனதை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் வேறு குழுக்கள் அதைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசலில் சிறியதொரு பயனே தெரிந்தது. அதைப் பெருப்பித்துச் சொல்வது வன்னி மக்களுக்கும் நியாயமில்லை, விஞ்ஞானத்துக்கும் நியாயமில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அவர் அங்கே கண்டதற்குக் 'கூட்டு மனவடு' என்று பெயர். காயம் தனித்தனி மூளைகளில் மட்டும் இல்லை. குடும்பம், அயல், நம்பிக்கை, சடங்கு என்று ஆட்களை இணைத்த இழைகளிலும் இருந்தது. ஆகவே மருந்தும் ஆலோசனையும் மட்டும் போதாது, சமூகத்தையே மீளக் கட்ட வேண்டும் என்றார். கைபிடிக்கும் சோதனையைச் செய்த கோனும் பின்னாளில் வேறு வழியால் இதன் அருகே வந்தார். மனித மூளைக்குத் தனித்திருப்பது தொடக்கநிலை இல்லை, பக்கத்தில் ஆள் இருப்பதே தொடக்கநிலை என்பது அவருடைய கருத்து. 'சமூக அடிநிலைக் கோட்பாடு' என்று சொல்லலாம். துணை கிடைக்கும்போது மூளைக்குப் புதிதாக ஒன்று கிடைப்பதில்லை. துணை போகும்போதுதான் ஒவ்வொரு வேலைக்கும் அது கூடுதல் விலை கொடுக்கத் தொடங்குகிறது.

'எ பாசேஜ் நோர்த்' நாவலில் ராணி என்றொரு பெண் வருகிறாள். யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். மின்னதிர்வுச் சிகிச்சை வரைக்கும் போனவள். 1938இல் ரோமில் தொடங்கிய இந்தச் சிகிச்சை இன்று மயக்கமருந்து கொடுத்துச் செய்யப்படுகிறது. கடும் மனச்சோர்வில் பலருக்குப் பலன் தருகிறது. எப்படி வேலை செய்கிறது என்பதை விஞ்ஞானம் முழுதாக அவிழ்க்கவில்லை. ராணியைக் கிருஷன் தன் அப்பம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கொழும்புக்கு வரவழைக்கிறான். வயதால் உலகம் சுருங்கிப்போன ஒரு கிழவியும், மனவடுவால் உலகம் இடிந்துபோன ஒரு தாயும் ஒரே அறையில் நாட்களைக் கழிக்கிறார்கள். கோட்பாடுகளையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பக்கங்களுக்கு வந்தால், யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.